இரண்டு பிள்ளைத்தாச்சிகள்

எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தங்கவில்லை. மூன்றும் நாலாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ போய்விட்டன. நான்காவது உண்டானபோது டவுனிலிருந்து ஒரு லேடி டாக்டரை வரவழைத்தார்கள். கிறிஸ்தவப் பெண்மணி, வயதானவர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். பெரிய மருந்து ஏதோ எழுதித் தரப்போகிறார் என்று நாங்கள் காத்திருக்க, அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "படும்மா. பிரசவம் வரைக்கும் படு. அவசியத்துக்கு மட்டும் எழுந்திரு. அதான் மருந்து" என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிப் போய்விட்டார்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டில் நாலு பேர். என் அகத்துக்காரர் பொன்மலை ரயில்வேயில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். அவருடைய தம்பி டவுன் காலேஜில் பி.எஸ்ஸி. ஜுவாலஜி. நான். அப்புறம் என் மாமியார். மாமனார் காலமாகி வெகு வருஷம் ஆகியிருந்தது. மாமியாரை நானும் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

அம்மாவுக்கு மடி என்றால் உயிர். முதல் நாளே கொடியில் கோலால் உயரத் தூக்கி உலர்த்திய புடவையைக் கிணற்றடியில் குளித்துவிட்டுக் கட்டிக்கொண்டால், தளிகை, அதாவது சமையல், முடிந்து பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணும்வரை ஒரு தூசியும் மேலே படக்கூடாது. நாங்கள் யாராவது தெரியாமல் தொட்டுவிட்டால் மறுபடியும் கிணற்றடி, மறுபடியும் முதலிலிருந்து தளிகை. நான் படுத்திருந்த அறைப் பக்கமே மடியோடு வரமாட்டார். படுக்கை, போர்வை, எல்லாம் விழுப்பு. நிலைக்கு வெளியே நின்று, "என்னடி, கஞ்சி குடிச்சயா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மூன்று தடவை போனதைப் பற்றி ஒரு நாளும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியதும் இல்லை, தேற்றியதும் இல்லை. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அந்த வீட்டில் ஏழு வருஷம் ஓட்டியிருந்தேன்.

படுத்தே கிடப்பது சுகம் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் படுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் உறுத்தியது வாசல் கோலம். விடியற்காலையில் அரிசி மாவில் கோலம் போட்டால் எறும்புகள் வந்து இழுத்துக்கொண்டு போகும். நாம் சாப்பிடுமுன் அதுகளுக்கு ஒரு வாய். எட்டாவது வரை படித்த எனக்குத் தெரிந்த தர்மம் அவ்வளவுதான். அதுவும் கைநழுவிப் போயிற்று. அம்மா அவசரத்தில் கல் மாவால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுவார். எறும்பெல்லாம் வந்து ஏமாந்து போகுமே என்று நான் புலம்பியதை மைத்துனர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐப்பசி மாதம். பகலெல்லாம் புழுங்கிவிட்டுச் சாயங்காலம் ஒரு மழை கொட்டி ஓய்ந்தது. மைத்துனர் முற்றத்தில் குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கையைக் குவித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார்.

"மன்னி, கோலம் போடலேன்னு எறும்பெல்லாம் பட்டினின்னு அழுதேளே. ஒருத்தி நேர்லயே வந்துட்டா, நியாயம் கேக்க."

கையைத் திறந்தார். கன்னங்கரேலென்று ஒரு கட்டெறும்பு. ஆனால் நான் பார்த்த கட்டெறும்பு எதுவும் அந்தப் பருமன் இல்லை. முதுகு புடைத்து, வயிறு நீண்டு, என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ராணி எறும்பு மன்னி. மழை விட்டதும் பறந்து வந்து, கல்யாணம் பண்ணிண்டு, இறக்கையைத் தானே பிச்சுப் போட்டுடுத்து. அதோ முத்தத்துல ஒட்டிண்டிருக்கு பாருங்கோ. இனிமே ஒரு பொந்துக்குள்ள புகுந்து வாசலை அடைச்சுண்டு முட்டை போடும்."

"ஆம்படையான் எங்கே?"

"அது இன்னிக்கே செத்துப் போயிருக்கும். அதோட வேலை முடிஞ்சுது."

கூடத்தில் விளக்குக்குத் திரி உருட்டிக்கொண்டிருந்த அம்மா, "ஐயோ பாவம்" என்றார். பிறகு, தான் ஏன் எறும்புக்குப் பரிதாபப்பட்டோம் என்று தோன்றியதோ என்னவோ, "ஏண்டா, காலேஜுக்கு அனுப்பினது எறும்பு பிடிக்கறதுக்கா? வெளியில விட்டுட்டு வந்து கையை அலம்பு" என்றார்.

மைத்துனர் விடவில்லை. காலேஜிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அடியில் கால்வாசி ஜலம் ஊற்றி, அது ஒழுகாமல் பஞ்சை அழுத்தி அடைத்தார். பஞ்சில் ஈரம் ஊறி நின்றது. அதற்கு இந்தப் பக்கம் ராணியை விட்டு, குழாய் வாய்க்கும் ஒரு பஞ்சு. என் படுக்கைக்குப் பக்கத்து முக்காலியில் ஒரு பீங்கான் தட்டை வைத்து ஜலம் நிரப்பி, நடுவில் ஒரு மரத்துண்டைப் போட்டு, அதன்மேல் குழாயைப் படுக்க வைத்தார். பட்சண அலமாரியின் கால்களுக்குக் கிண்ணத்தில் ஜலம் வைப்போமே, வீட்டுச் சிவப்பெறும்பு ஏறாமல், அதே ஏற்பாடு. பழைய குடைத் துணியைக் கிழித்துக் குழாய்க்கு உறை மாதிரிப் போட்டார்.

"இருட்டா இருக்கணும். தொடக்கூடாது. வாரத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தா போறும்."

"ஆகாரம்?"

"ஒண்ணும் வேண்டாம். முதல் குஞ்சு எறும்பு வெளில வரவரைக்கும், ரெண்டு மாசம் ஆகும், அது சாப்பிடாது. இறக்கையை அடிச்ச சதை உள்ள இருக்கோல்லியோ, அது கரைஞ்சு அதான் ஆகாரம். குஞ்சுகளுக்கும் அதையே ஊட்டும்."

"ரெண்டு மாசமா? பிள்ளைத்தாச்சியைப் பட்டினி போடறதா?"

"மன்னி, புஸ்தகத்துல போட்டிருக்கு."

"சரியாப் போச்சு. ஒரு பிள்ளைத்தாச்சிக்குத் தலைமாட்டுல ஜலம் வெச்சாறது. இப்போ ரெண்டு" என்றார் அம்மா, கூடத்திலிருந்தே.

மூன்றாம் நாள் உறையை நகர்த்திப் பார்த்தேன். ரவை மாதிரி வெள்ளையாக ஏழு முட்டை. ராணி அவற்றை ஒரே குவியலாக வைத்துக்கொண்டு, வாயால் ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்திக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாரத்துக்கு ஒரு தரம் என்று அவர் சொன்னது அத்தோடு போயிற்று. எனக்குத் தெரிந்த பக்தி கண்ணால் சேவிப்பதுதான். கோயிலுக்குப் போய்ப் பெருமாளை ஒரு நிமிஷம் சேவித்தால் அந்த வாரமே நன்றாக இருக்கும். இப்போது கோயிலும் இல்லை. அதனால் காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், விளக்கு வைத்ததும் ஒரு தரம், நடுவில் மனசு கேட்காதபோதெல்லாம் ஒரு தரம் என்று உறையை நகர்த்தி அவளைப் பார்ப்பேன். வெளிச்சம் பட்டதும் அவள் திடுக்கிட்டு முட்டைக் குவியலைக் கவ்விக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவாள். என்னைப் பார்க்கத்தான் ஓடி வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முட்டை ஏழு, பத்தாகி, பன்னிரண்டாயிற்று. எனக்கு ஐந்தாம் மாதம் பிறந்தது. பயம் பிடித்த மாதம் அது. ஒரு நாள் மத்தியானம், வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அந்தக் குழாயைப் பார்த்தபடி, பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். இந்த முட்டை பொரிந்து குஞ்சு வந்தால் என் குழந்தையும் தங்கும்; இது கெட்டால் அதுவும் கெடும்; உன் இஷ்டம். அசட்டுத்தனம் என்று இப்போது எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய பக்தியாகத்தான் தோன்றியது. வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று ஒரு எண்ணம் வேறு.

வேண்டிக்கொண்டபின் அவள் பட்டினி கிடப்பது என்னால் தாங்க முடியவில்லை. கார்த்திகையில் ஒரு ஏகாதசிக்கு முதல் நாள் என் அகத்துக்காரருடைய ஜன்ம நட்சத்திரம் வந்தது. பெருமாளுக்கு அக்காரவடிசல் கண்டருளப் பண்ணி எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தார்கள். நெய்யும் வெல்லமும் சொட்டச் சொட்ட இருந்தது. புஸ்தகம் எழுதினவனுக்குப் பிரசாதத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். யாரும் இல்லாத சமயம் கொண்டை ஊசியால் பஞ்சை ஒதுக்கி, ஒரு பருக்கையைக் குழாய் வாயில் வைத்து, பஞ்சை மறுபடி அமுக்கிவிட்டேன். வெல்லப்பாகு பஞ்சில் ஊறியதை நான் கவனிக்கவில்லை. நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முக்காலியைக் கட்டிலோரம் இழுத்து வைத்திருந்தேன். அதில் என் போர்வை முனை நழுவி மரத்துண்டைத் தொட்டுக்கொண்டு கிடந்ததையும் கவனிக்கவில்லை.

ஏகாதசியன்று அம்மா சொட்டு ஜலம்கூடக் குடிக்கமாட்டார். மறுநாள் துவாதசி, குறித்த நாழிகைக்குள் தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு அவர் பாரணை செய்து விரதத்தை முடிக்க வேண்டும். அன்று துவாதசி சீக்கிரமே முடிகிறது, எட்டரைக்குள் ஆகவேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். என் அகத்துக்காரரும் மைத்துனரும் விடிகாலையிலேயே பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். உள்ளிருந்து அகத்திக்கீரை வேகும் வாசனை வந்தது.

எனக்கு விழிப்பு வந்து, பழக்கமாக உறையை நகர்த்தினேன். குழாய் வாய்ப் பஞ்சு சிவந்து இருந்தது. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் பஞ்சு அசைவது தெரிந்தது. சிவப்பெறும்பு. போர்வை வழியாகச் சாரை பிடித்து ஏறி, பஞ்சுக்குள் புகுந்து துளைத்துக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று உள்ளேயே போய்விட்டன. ராணி முட்டைக் குவியலை வாயில் கவ்விக்கொண்டு அடிப்பஞ்சில் ஒட்டி நின்றாள். அதற்குமேல் போக இடமில்லை.

நான் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். "அம்மா!" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டேன்.

அம்மா நிலை வரைக்கும் ஓடி வந்தார். கையில் கரண்டி.

"என்னடி? வலிக்கறதா? என்ன ஆச்சு?"

"எறும்பு... எல்லாத்தையும் தின்னுடும்மா... பிள்ளை போயிடும்... என் பிள்ளை போயிடும்..."

என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன். அம்மா குழாயைப் பார்த்தார். தரையில் இருந்த என் காலைப் பார்த்தார். கூடத்துக் கடிகாரத்தையும் ஒரு தரம் பார்த்தார். இது நடந்தது கண் மூடித் திறக்கும் நேரம். ஆனால் அந்த மூன்று பார்வையையும் நான் இன்னும் தனித்தனியாகச் சொல்வேன்.

"காலை மேல தூக்கு. அசையாதே. அசைஞ்சியோ, பார்த்துக்கோ."

கரண்டியை நிலையருகே வைத்தார். நிலையைத் தாண்டி உள்ளே வந்தார், மடிப்புடவையோடு. என் போர்வையை இழுத்து மூலையில் எறிந்தார். குழாயை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். எறும்புகள் அவர் மணிக்கட்டில் ஏறிக் கடித்ததை அவர் சட்டை செய்யவில்லை. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே போன எறும்புகளை என் கொண்டை ஊசியின் முனையாலேயே ஒவ்வொன்றாக நசுக்கி வெளியே இழுத்தார். ராணியின்மேல் ஊசி படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பெருமாள் விளக்குக்கென்று உருட்டி இடுப்பில் செருகி வைத்திருந்த திரிகளில் இரண்டைப் பிரித்துப் புதுசாக அடைத்தார். அப்போதுதான் அந்தப் பருக்கை அவர் விரலில் ஒட்டியது. எடுத்து மோந்து பார்த்தார்.

"அக்காரவடிசலா?"

நான் தலையாட்டினேன்.

"அவன் வேண்டாம்னானோல்லியோ?"

"பிரசாதமாச்சேன்னு..."

"அவளுக்கும் ஏகாதசிடி. அது உனக்குத் தெரியலே" என்றார்.

குழாயைத் தட்டில் வைத்து, ஜலத்தை நிறைய விட்டு, முக்காலியைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்தார். பிறகு கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தமும், தலையில் ஜலம் விழும் சத்தமும் கேட்டது. மாற்று மடிப்புடவை கிடையாது. நனைந்த புடவையோடு உள்ளே வந்து, மடி கலைந்துபோன தளிகையை ஒதுக்கிவிட்டு அடுப்பை மறுபடி மூட்டினார். அது முடிவதற்குள் எட்டரை அடித்துவிட்டது. பெருமாள் தீர்த்தத்தில் ஒரு துளசி தளத்தைப் போட்டு, எட்டரைக்கு முன்பே, நாழிகை தப்பாமல், அதை மட்டும் உட்கொண்டு பாரணையை முடித்துக்கொண்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் வாயில் சாதம் போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. ஒன்றரை நாள் பட்டினி. ஈரப்புடவை. நான் படுக்கையில் கிடந்து அழுதுகொண்டிருந்தேன். நிலைக்கு வெளியே வந்து நின்று, "அழுதா வயிறு குலுங்கும். வாயை மூடிண்டு தூங்கு" என்றார்.

சாயங்காலம் மைத்துனர் வந்து உறையை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மன்னி, முட்டையைக் காணோமே."

ஒன்றுகூட இல்லை. ராணி மட்டும் வெறும் குழாயில் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுவே தின்னுடுத்து. பயந்தா அப்படித்தான் பண்ணும். இன்னிக்கு வந்த எறும்பு மட்டும் காரணம் இல்லை. எத்தனை தரம் திறந்து பார்த்தேள், நிஜத்தைச் சொல்லுங்கோ?"

எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. இடுப்பில் ஒரு இழுப்பு இழுத்தது. மூன்று தடவையும் அப்படித்தான் ஆரம்பித்தது. எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. பொங்கிப் பொங்கி அழுதுகொண்டு வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிட்டேன். மைத்துனருக்குச் சின்ன வயசு. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா உள்ளே வந்தார். என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். அது ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"பெருமாளோட பந்தயம் கட்டினியாக்கும்? எறும்பு முட்டையை வெச்சு?"

"தப்புத்தான்மா..."

"அவர் ஒத்துண்டாரா?"

நான் திகைத்து அவரைப் பார்த்தேன்.

"கேக்கறேனோல்லியோ. சரின்னு உங்கிட்ட வந்து சொன்னாரா? நீயா கட்டிண்டா ஆச்சா? அவருக்கு வேற வேலை கிடையாதா? எறும்பு பாடு எறும்புக்கு. உன் பாடு உனக்கு. ரெண்டையும் முடிச்சுப் போட நீ யாருடி?" குரல் உயர்ந்துகொண்டே போய், திடீரென்று தழைந்தது. "மூணு தரமும் நான் அவர்கிட்டதான் கேட்டேன். முடிச்சுப் போடாமதான் கேட்டேன். இப்பவும் கேட்டுண்டுதான் இருக்கேன்."

என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பெறும்பு கடித்த மணிக்கட்டு தடித்து வீங்கியிருந்தது. மைத்துனர் மெதுவாகச் சொன்னார்: "மன்னி, ஒண்ணு சொல்லட்டுமா? அது தின்ன முட்டை வீணாப் போகாது. அந்தச் சத்து திரும்ப அதோட உடம்புக்குள்ளதான் போயிருக்கு. அதை வெச்சுண்டு மறுபடி முட்டை போடும். நாம சும்மா இருந்தா போறும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சும்மா இருங்கோ, எல்லாரும்" என்றார் அம்மா.

மறுநாள் காலையில் என் அகத்துக்காரர் வேலைக்குப் போகாமல் டவுனுக்குப் போய் லேடி டாக்டரை அழைத்து வந்தார். அவர் என் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஊதல் மாதிரி ஒரு சின்ன மரக்குழலை எடுத்து, ஒரு முனையை என் வயிற்றிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு குனிந்தார். அறையில் நாலு பேர் இருந்தோம். என் அகத்துக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். டாக்டர் இடத்தை மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார்.

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஓடுதும்மா. குதிரை மாதிரி ஓடுது" என்றார். "நேத்து வந்தது சும்மா சூட்டு வலி. யாரும்மா உங்களைப் பயமுறுத்தினது?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பெருமாள் முன்னால் விழுந்து சேவித்த சத்தம் கேட்டது.

முட்டை போன பிறகும் குழந்தை இருந்தது. நான் போட்ட முடிச்சைப் பெருமாள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. அவர் என்னைக் காப்பாற்றியதற்கு நான் எத்தனையோ தரம் நன்றி சொல்லியிருக்கிறேன். என் அசட்டு வேண்டுதலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டதற்குத்தான் அதிகம் நன்றி சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் நான் உறையைத் தொடவில்லை. முக்காலி அறையின் அந்தக் கோடியில் இருந்தது. தட்டுக்கு ஜலம் விடுவது அம்மாவின் வேலையாயிற்று. மடிக்கு முன்னாலேயே வந்து விட்டுவிட்டுப் போவார். மைத்துனர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துவிட்டு, "நன்னா இருக்கா" என்பார். அந்த ஈரப்புடவையால் அம்மாவுக்குச் சளி பிடித்து மூன்று நாள் ஜுரம் அடித்தது. அப்போதுகூட, "உன் எறும்பால வந்த வினை" என்று இருமிக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். ஜுரம் விட்டபின் தினமும் மத்தியானம் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து பாசுரம் சேவிக்க ஆரம்பித்தார். மடி கலையுமே என்றால், "சாயங்காலம் குளிச்சுக்கறேன், உனக்கென்ன?" என்பார்.

மார்கழி முழுக்க மற்றவர்கள் விடியற்காலையில் கோயிலுக்குப் போய் வந்தார்கள். சொர்க்கவாசல் கூட்டத்தின் ஓசை எங்கள் சந்து வரைக்கும் அலைமாதிரி வந்தது. நான் படுத்தபடியே கேட்டேன். இந்த வருஷம் சேவிக்கவில்லையே என்று ஏக்கம் வரவில்லை. வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர், "அம்மா! மன்னி!" என்று கத்தினார். குழாயைக் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினார். கோதுமை மணி மாதிரிப் பழுப்புக் கூடுகள் ஐந்தாறு. அவற்றுக்கிடையே மெலிசாக, வெளிறிய நிறத்தில் மூன்று குட்டி எறும்புகள் தடுமாறி நடந்தன. ராணியின் வயிறு சுருங்கிப் போயிருந்தது. தன் சதையைக் கரைத்துக் கொடுத்தவள் அப்படித்தான் இருப்பாள்.

"இப்போ ஆகாரம் குடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"இப்போ குடுக்கணும்."

அம்மாவே போய் ஒரு துளி தேனைத் தீக்குச்சி நுனியில் கொண்டுவந்தார். மூன்று குட்டிகளில் ஒன்று வந்து குடித்தது. குடித்துவிட்டு நேரே தாயிடம் போய், வாயோடு வாய் வைத்து ஊட்டியது. நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போறும் போறும், திருஷ்டி படும்" என்று உறையைப் போட்டு மூடினார்.

பங்குனியில் வலி எடுத்தது. ஜட்காவில் காவேரிப் பாலத்தைத் தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு பகல் முழுக்கப் பட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் வராந்தாவில் இருந்த என் அகத்துக்காரர், "ரெட்டையா?" என்று கேட்டாராம்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அதற்கப்புறம் ஒரு வாரம் இருக்கும். அம்மா கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வெந்நீர் விளாவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மைத்துனர் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருபதுக்கு மேல் எறும்புகள், இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

"மன்னி, இதை என்ன பண்றது? குழாய் பத்தாது. கொல்லையில தென்னை மரத்தடியில விட்டுடட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவளை ஒரு தடவைகூட நான் நினைக்கவே இல்லை. நடுவில் ஜலம் விட்டது யார், தேன் வைத்தது யார், ஒன்றும் தெரியாது. வெட்கமாகக்கூட இருந்தது.

"நான் மறந்தே போயிட்டேன்" என்றேன்.

"மறக்காம என்ன பண்ணுவே? கை நிறைய வேலை வந்துடுத்தோல்லியோ" என்றார் அம்மா, குழந்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. பிறகு மைத்துனரைப் பார்த்து, "நிழலாப் பார்த்து விடுடா. மெதுவா" என்றார்.

மைத்துனர் கொல்லைப் பக்கம் போனார். கூடப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"எங்கேடி போறே? ஜலத்தை விடு, ஆறிப்போறது" என்றார் அம்மா.

நான் உட்கார்ந்து செம்பில் ஜலத்தை மொண்டேன்.